இன்னைக்கு என்ன செலவு?

என் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. வாங்க வேண்டும் என்று ஆசை வரும் எந்தப் பொருளும் முதலில் அந்தத் தாளில்தான் ஏற வேண்டும். பக்கத்தில் தேதி. பத்து நாள் அது அங்கேயே கிடக்கும். பத்து நாள் கழிந்த பிறகும் அது இல்லாமல் முடியாது என்று தோன்றினால் கடைக்குப் போகலாம். பெரும்பாலும் தோன்றாது. ஒரு மஞ்சள் குடை, சுவர்க் கடிகாரம், உள்ளங்காலைப் பிடித்துவிடும் ஒரு இயந்திரம் என்று அந்தத் தாளில் அடிபட்டுக் கிடப்பவை ஏராளம். ஒரே ஒரு பொருளை மட்டும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தேன். நாற்காலி.

வீட்டில் நாற்காலி இல்லாமல் இல்லை. ஒன்று இருக்கிறது. உட்காருவதற்கும் ஒருத்திதான் இருக்கிறாள். இரண்டாவதுக்கு என்ன வேலை என்று பத்தாம் நாள் என்னையே கேட்பேன். பதில் வராது. அடித்துவிடுவேன். நாலைந்து மாதம் கழித்து ஏதோ ஒரு நாள் சாயங்காலம் என் கை அதை மறுபடி எழுதியிருக்கும்.

என்னைக் கஞ்சப் பிசினாறி என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லட்டும். சம்பளம் வந்த அன்றே அதைப் பிரித்துவிடுவேன். முதலில் சேமிப்பு, பிறகு வாடகை, பிறகு மின்சாரம், தண்ணீர், பஸ் அட்டை. பல்வலி, குழாய் உடைப்பு மாதிரி சொல்லாமல் வரும் விருந்தாளிகளுக்கு ஒரு பிஸ்கட் டப்பா தனியாக இருக்கிறது. எல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் சாப்பாட்டுக்கும் சோப்புக்கும். செலவு போக மிஞ்சினால் சேமிப்போம் என்கிறவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது செலவு மட்டும்தான். அன்றைய செலவை அன்றே எழுதிவிடுவேன், செருப்பைக் கழற்றியதும் அடுத்த வேலை அதுதான். கைமாற்று வாங்க மாட்டேன். தப்பித் தவறி வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிவிடுவேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நான் ஆற்றங்கரைக்கே போக மாட்டேன்.

ஒருமுறை மாடி வீட்டுப் பெண் புதிதாகக் குடிவந்தபோது ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் படியேறி முடிப்பதற்குள் தட்டைக் கழுவி, நாலு ஆரஞ்சுப் பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் ஏதோ பலகாரம் வந்தது. ஆப்பிள் போயிற்று. மூன்றாவதாக ஒன்றும் வரவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது படியில் எதிர்ப்பட்டால் அவள் தலையை அசைப்பாள், நானும் அசைப்பேன்.

இதெல்லாம் நான் கற்றுக்கொண்டதல்ல, பிறப்பிலேயே வந்தது. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலை பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் நாளெல்லாம் சில்லறை எண்ணிவிட்டு வருகிறவள், எங்கள் இரண்டு பேரையும் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து, சோற்றைப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னைக்கு என்ன செலவு?"

நானும் தம்பியும் சொல்ல வேண்டும். காசு தம்பிடி விடாமல்.

"ரெண்டு பேனா," என்றான் ஒருநாள் தம்பி.

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு பக்கத்துல உட்கார்றவனுக்கு."

"அவங்க வீட்டுல வாங்கித் தர மாட்டாங்களா?"

"அவங்கப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு."

அம்மா சோற்றைப் போட்டாள். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பின் தெரியாத அந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்தாள். இன்னொரு நாள் நான் சொன்னேன்: "செலவு இல்ல. பஸ் காசு மிச்சம்." அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏன் நடந்து வந்தே?" நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாள் முதல் ஒரு வாரம் அம்மா என்னோடு அதே பஸ்ஸில் வந்தாள், கையில் குடையோடு. மழைக்காலம்கூட இல்லை. மூன்றாம் நாள் என் பின்னால் வந்து நிற்கும் ஒரு ஆளின் கால் மேல் அந்தக் குடையின் முனையை ஊன்றி, "மன்னிச்சுக்குங்க, கூட்டம்," என்றாள். அதன் பிறகு என் பஸ் காசு மிச்சமாகவில்லை.

கட்டிப்பிடிப்பது, கன்னத்தைத் தடவுவது, கண்ணே மணியே என்பது எல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது. உனக்கு என்ன ஆயிற்று, யார் என்ன சொன்னார்கள், மனசு சரியில்லையா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. என்ன செலவு, ஏன் செலவு என்ற இரண்டு கேள்வியிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். மூன்றாவது கேள்வி கேட்க நாங்கள் பழகவே இல்லை.

அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்து முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, நானும் தம்பியும் சேர்ந்து வங்கியில் ஒரு கணக்கு திறந்தோம். அதற்கு 'அம்மா கணக்கு' என்று பெயர். அவன் தூரத்து நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். பஸ்ஸில் ஏறினால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மாதாமாதம் இரண்டு பேரும் பாதிப் பாதி போடுவோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் கூப்பிடுவான். இல்லத்துக் கட்டணம், மருந்து, சலவை, முடிவெட்டு என்று நான் வாசிப்பேன். அவன் அந்தப் பக்கத்தில் கூட்டிக்கொண்டே வருவான். இரண்டு பேருடைய மொத்தமும் ஒன்றாக வந்ததும் "சரியா இருக்கு" என்பான். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட வராமல் போனதில்லை.

வெறும் கணக்குத்தானே என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். அவன் மனைவி அவனை விட்டுப் போனதை எனக்குச் சொன்னது அந்தக் கணக்குத்தான்.

"அக்கா, இனிமே வாடகை முழுசும் என் தலையிலதான்."

"ஏன்?"

"அவ போயிட்டா."

நான் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன். "நீ ஆறு மாசம் உன் பங்குல பாதி போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"எழுதி வச்சுக்கோ. திருப்பித் தந்துடறேன்."

எங்கள் வீட்டில் ஆறுதல் என்றால் அவ்வளவுதான். அவனும் சொன்னபடி அடுத்த வருஷத்துக்குள் கடைசிக் காசுவரை திருப்பித் தந்துவிட்டான். வாங்கிக்கொள்ளும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கடைசிக் காலத்தில் அம்மாவுக்கு என் முகம் மறந்தது, தம்பி என்று ஒருவன் இருப்பதே மறந்தது. அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை. நர்ஸ் உள்ளே வந்தாலும், ஜன்னல் துடைக்கிறவர் வந்தாலும், "இன்னைக்கு என்ன செலவு?" என்பாள். ஒருநாள் டாக்டரைக் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு காப்பி, ஒரு சிகரெட்டும்மா," என்றார். "காப்பி இருக்கட்டும், அடுத்ததை விடு," என்றாள் அம்மா.

அம்மா போன அன்று தம்பி வந்தான். எல்லாம் முடிந்து அவன் ஊர் திரும்பும்போது பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து அன்றைய செலவைப் பிரித்துக்கொண்டோம். பூவுக்கு அவன் கொடுத்திருந்தான், வண்டிக்கு நான். அவன் கண் சிவந்திருந்தது. என் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும். பஸ் வந்தது. "சரியா இருக்கா?" என்று கேட்டான். "சரியா இருக்கு," என்றேன். ஏறிக்கொண்டான்.

இரண்டு மாதத்தில் இல்லத்துக்காரர்கள் முன்பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அதைப் பாதியாகப் பிரித்து அவன் பங்கை அனுப்பினேன். முதல் ஞாயிறு அவன் கூப்பிட்டான்.

"வந்துச்சுக்கா. சரியா இருக்கு."

"வேற பில்லு எதுவும் இல்ல. கணக்கை மூடிடலாமா?"

"மூடிடு."

"கையெழுத்துப் போட தபால்ல அனுப்பறேன்."

"அனுப்பு."

இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் பக்கத்தில் ஏதோ ஒரு கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு "சரிக்கா," என்றான். "சரி," என்றேன்.

தாள் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. வங்கியில் இருந்த பெண் முத்திரையைக் குத்திவிட்டு, "அப்பாடா, இனிமே உங்களுக்கு மாசாமாசம் தொல்லை இல்ல," என்று சிரித்தாள். நல்ல பெண்தான். அவளை ஏன் அறைய வேண்டும்போல இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு, பழக்கதோஷத்தில் பத்து மணிக்குப் பேனாவை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். போன் மேஜையில் இருந்தது. அடிக்கவில்லை. அடிப்பதற்கு ஒரு காரணமும் இல்லை என்று எனக்குத் தெரியும். பதினோரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே உட்கார்ந்தேன், போன் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

நீயே கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். எடுத்தேன். அவன் பெயர்வரைக்கும் விரல் போயிற்று. அவன் எடுத்து "என்னக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வது? சும்மாதான் கூப்பிட்டேன் என்றா? எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சும்மா கூப்பிட்டதில்லை. காரணமில்லாமல் நான் கூப்பிட்டால் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் அவன் நினைப்பான். சாவதற்கும் இனி எங்களுக்கு வேறு யாரும் இல்லை. போனை வைத்துவிட்டேன். உலகத்தில் யாருக்கும் நான் ஒரு காசு தர வேண்டியதில்லை. எனக்கும் யாரும் தர வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகத் துடைத்துவைத்த பாத்திரம் மாதிரி இருந்தது வீடு.

நான் வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். முன்மேஜை என் பொறுப்பு. துணிகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துணுக்கைக் குத்தி, பாக்கெட்டுகளைத் துழாவி, அகப்படுகிற சில்லறை, சாவி, சினிமா டிக்கெட் எல்லாவற்றையும் அதே எண் போட்ட உறையில் வைத்து, துணியோடு திருப்பித் தருவேன். பின்னால் இஸ்திரிக்காரர். என்னைவிடச் சின்னவர், தனிக்கட்டை, கடைக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு டீ சேர்த்து வாங்கிவருவார். நான் கிளாஸைக் கீழே வைப்பதற்கு முன் காசை நீட்டுவேன். நாலாம் நாள், "உங்க வீட்டுல எலிகூடப் பற்று வரவு எழுதிட்டுத்தான்க்கா தேங்காயைக் கடிக்கும்," என்றார். அதோடு டீ நின்றுவிட்டது.

அவருக்கு எதிர் டீக்கடையில் எப்போதும் பாக்கி. மாதம் ஒருமுறை டீக்கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம்போடுவார். இவர் கொஞ்சம் கொடுப்பார், கொஞ்சம் வைப்பார். போன் அடிக்காத அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையிலேயே அந்தக் கூத்து நடந்தது. எனக்கு எரிச்சல்.

"ஏங்க, இருக்கறதைக் குடுத்து ஒரேயடியாத் தீர்த்துத் தொலைக்கக் கூடாதா? மாசாமாசம் அந்த மனுஷன் வந்து கத்தறார்."

"தீர்த்துடலாம்க்கா. தீர்த்துட்டா அவர் வர மாட்டாரே," என்றார் இஸ்திரிக்காரர், சட்டைக் காலரை நீவிக்கொண்டே.

"வராட்டி நல்லதுதானே."

"உங்களுக்கு நல்லது. போன மழைக்கு நான் காய்ச்சல்ல கெடந்தேன்ல, கதவைத் தட்டினது அவர் ஒருத்தர்தான். காசைக் குடுக்காம செத்துராதய்யான்னு மாத்திரை வாங்கியாந்து போட்டார்." இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். "அதையும் பாக்கியில ஏத்திட்டார். அது வேற விஷயம்."

பேச்சைப் பார், நொண்டிச் சாக்கு என்று நினைத்தேன். கடனாளிக்கு எப்போதும் ஒரு கதை கைவசம் இருக்கும். ஆனால் அன்றைக்குப் பூராவும் அது என்னை விடவில்லை. அவர் காய்ச்சலில் கிடந்த நாட்களில் நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். இடையில் ஒரு சுவர்தான். இஸ்திரி ஆகாத துணிகள் எத்தனை என்று எழுதிவைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தேன். தம்பியின் வங்கி எண் அதில் இருந்தது. இருநூற்று நாற்பது என்று அடித்தேன். சம்பளம் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு காசைக்கூட நான் தப்பான இடத்துக்கு அனுப்பியதில்லை. இது தப்புகூட இல்லை, வேண்டுமென்றே செய்வது. அம்மா பார்த்திருந்தால் கரண்டியைக் கீழே வைத்திருப்பாள். அழுத்திவிட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் போன் அடித்தது.

"அக்கா, என் கணக்குல எரநூத்தி நாப்பது வந்திருக்கு. நீயா?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் குரல். தொண்டை கட்டியிருந்தது. ஜலதோஷமா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை.

"ஆமா. சமையல் கேஸுக்குக் கட்ட வேண்டியது. கை தவறி உனக்கு வந்துடுச்சு."

"உனக்கா?"

"எனக்குத்தான். ஏன், எனக்குத் தவறக் கூடாதா? வயசாகுது."

அவன் காரை நிறுத்துவது கேட்டது. பிறகு, "சரி, திருப்பி அனுப்பிடறேன். இன்னைக்கே," என்றான்.

"மெதுவா அனுப்பு. அவசரமில்ல."

"இல்லக்கா, கேஸுக்குக் கட்டணுமே. இப்பவே அனுப்பறேன்."

வைத்துவிட்டான். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் செய்த ஒரே தப்பையும் என் தம்பி ஒழுங்காகத் திருத்தப்போகிறான். அம்மா வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருப்பான்? கடைக்கு வந்த ஒரு கல்யாணக் கோட்டின் பாக்கெட்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நீராவி என்று இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். முன்மேஜையில் நீராவி கிடையாது.

வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோது போனைப் பார்த்தேன். தம்பியிடமிருந்து பணம் வந்திருந்தது. இருநூற்று இருபத்தொன்பது.

மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பதினொன்று குறைகிறது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மூளையை எங்கே வைத்துவிட்டு அனுப்பினான் இவன்? ஊராருக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறவன், மூணு இலக்கம் தெரியாதா? பணம் அனுப்பக் கட்டணம் பிடித்துவிட்டார்களோ என்று பார்த்தேன். கட்டணம் எதுவும் கிடையாது. வண்டி நிறுத்தம் ஒன்றைத் தாண்டியது. ஆறு வருஷம் என்னோடு கூட்டிக் கழித்தவன், பெண்டாட்டி போன மாதத்தில்கூட மொத்தம் பிசகாமல் சொன்னவன், இன்றைக்கு இவ்வளவு சின்னத் தொகையிலா தடுக்கி விழுவான் என்று அப்போதுதான் தோன்றியது. நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கடை வாசல் ஒன்றில் நின்று கூப்பிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"பதினொண்ணு குறையுது," என்றேன்.

"தெரியும்."

தெருவில் ஏதேதோ வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கையில் பையோடு போனவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்பத் தருவே?"

"முதல் ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன். அப்ப பேசிக்கலாம்."

"பத்து மணிக்கா?"

"பத்து மணிக்கு."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். செருப்பைக் கழற்றியதும் அன்றைய செலவை எழுதினேன். கடைசியில், வர வேண்டியது பதினொன்று என்று எழுதி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சுவர்த் தாளில் 'நாற்காலி' என்று எழுதித் தேதி போட்டேன்.

பத்தாம் நாள் வழக்கம்போல என்னையே கேட்டேன், இரண்டாவதுக்கு என்ன வேலை என்று. அந்தத் தடவையும் சொல்லிக்கொள்கிற மாதிரி பதில் ஒன்றும் இல்லை. ஆனால் அடிக்க மனசு வரவில்லை. அப்படியே விட்டேன். முதல் ஞாயிறு காலை கடை திறந்ததும் போய், நல்லதாக ஒன்று பார்த்து, கை வைத்ததாக எடுத்து, நானே தூக்கிக்கொண்டு வந்தேன். படியில் மூச்சு வாங்கி நின்றபோது மாடி வீட்டுப் பெண் மேலிருந்து வந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தாள். பழம் எடுக்க என் கை தன்னால் கூடைக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன். "ரொம்ப நன்றிம்மா," என்று மட்டும் சொன்னேன். அது எனக்குச் சுலபமாக இல்லை. அவள் போகும்போது சிரித்துவிட்டுப் போனாள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. பழைய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். புதியது எதிரே இருந்தது.

"அக்கா."

"சொல்லுடா."

சொல்லத்தான் ஒன்றும் இல்லையே. மருந்து இல்லை, சலவை இல்லை, முடிவெட்டு இல்லை. வாசிக்க என்னிடமும் கூட்ட அவனிடமும் எதுவும் இல்லை. அவன் மூச்சுவிடுவது கேட்டது. இன்னும் தொண்டை சரியாகவில்லை. வைத்துவிடுவானோ என்று பயமாக இருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இன்னைக்கு என்ன செலவு?" என்றான்.

அம்மாவுக்குப் பிறகு அதை யாரும் என்னைக் கேட்டதில்லை.

"ரொட்டி ஒண்ணு," என்றேன். "பால். அப்புறம் ஒரு நாற்காலி."

"இருந்தது உடைஞ்சிருச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"ஏன் ரெண்டு?"

அவன் குரலில் அம்மா அப்படியே இருந்தாள். எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்தேன். அதன் காலில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டை இன்னும் கிழிக்கவில்லை.

"யாராவது வந்தா உட்கார," என்றேன்.

"யார் வர்றா?"

"யாரும் வரல."

அவன் இருமுவது கேட்டது. "உன் செலவைச் சொல்லு," என்றேன்.

"இருமல் மருந்து," என்றான். "சாப்பாட்டுப் பொட்டலம் ஒண்ணு." பிறகு நிறுத்தி, "நேத்தும் பொட்டலம்தான். தினம் பொட்டலம்தான்க்கா," என்றான்.

ஏன் என்று கேட்டேன். கேட்காமல் எனக்கே தெரியும். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறவளிடம் அதற்கு விளக்கம் எதற்கு?

"அந்தப் பதினொண்ணு," என்றான் கொஞ்சம் கழித்து. "அதைப் போன்ல அனுப்ப வேண்டாம்னு பார்க்கறேன். வர்ற சனிக்கிழமை எனக்கு வகுப்பு இல்ல. நேர்ல கொண்டாந்து தரட்டுமா?"

பஸ் கட்டணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்தத் தொகைக்காக அவ்வளவு தூரம் ஒருவன் வந்துபோவதைப் போன்ற முட்டாள்தனமான செலவு உலகத்தில் வேறு இருக்க முடியாது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பத்து நாள் தாளில் எழுதிப்போடு என்றிருப்பேன்.

"கொண்டா," என்றேன்.

"சரிக்கா."

"தம்பி."

"என்னக்கா?"

"முழுசாத் தந்துடாதே."